அம்மா முகத்தை மூடிக்கொண்டார்

இன்று காலை தங்கச்சி பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டாள்.

உலகமெங்கும் பரவும் புளூக் காய்ச்சல் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புக்கும் வந்துவிட்டது. அம்மா எழ முடியாமல் கிடக்கிறார். தங்கச்சி அம்மாவுக்குக் கிட்டே போகக்கூடாதென்று தோட்டத்து டாக்டர் சொல்லியிருந்தார்.

வாசலுக்கு வெளியே நின்று, “அம்மா, போயிட்டு வர்றேன்” என்றாள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக் கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டார்.

றொசல்ல ஸ்டேஷன்வரை அழுதுகொண்டே வந்தாள். “நான் படிக்கப் போறது அம்மாவுக்குப் பிடிக்கலையாண்ணே?”

ரயிலேற்றிவிட்டுத் திரும்பினேன்.

“புள்ள அழுதுச்சா?” என்று அம்மா கேட்டார்.

“இல்லம்மா, சிரிச்சிக்கிட்டே போனா.”

“நல்லது. அவ மூஞ்சியப் பார்த்திருந்தா, போகாதன்னு சொல்லியிருப்பேன்.”

இதைத் தங்கச்சிக்கு எழுதினால் அடுத்த ரயிலிலேயே திரும்பிவிடுவாள். எழுதாவிட்டால் அம்மாவுக்குக் கோபமென்றே நினைத்திருப்பாள்.

நீங்களாக இருந்தால் எழுதுவீர்களா?