மீன் பெட்டியில் ஊறிய குழாய்த் துண்டுகள்

வாலாஜாபாத் சந்தையில் மீன் இறக்கிக்கொண்டிருந்தபோது சபியாவின் மகன் இலியாஸின் போன் வந்தது. "மல்லிகாம்மா, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றான். சபியா என் வயதுக்காரி, என் கூட்டு வியாபாரி. உடம்பு சரியில்லை என்று கடைக்கு வராமல் இருந்தவள், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபந்தான் வந்தது.

அடக்கம் முடிந்து வந்த அன்றே காயலான் கடைக்காரர் ஒருவர் எங்கள் பழைய பிக்கப் வண்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "ஓட்டறவங்களே போயிட்டாங்க, இனிமே எதுக்கும்மா இது?" என்றார். சபியாவை அறிந்த உங்களுக்கு அந்த வண்டியையும் தெரியும். மீன் ஏற்றி வர நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கியது. வண்டி போனால் கடையும் போகும். அவருக்கான பதிலை, அவளுக்காகக் கூடியிருக்கும் உங்கள் முன்னால் சொல்கிறேன்.

நாங்கள் கடை போட்ட புதிதில், "பட்டு ஊர்ல, கோயில் பக்கத்துல, மீன் வண்டியா?" என்று ஒருவர் முகம் சுளித்தார். "பட்டு நெய்றவங்க வூட்லயும் ஞாயித்துக்கிழம வருது இல்லபா?" என்றாள் சபியா. அடுத்த மாதமே அவர் வீட்டிலிருந்து வஞ்சிரம் கேட்டு ஆள் வந்தது. சபியா துண்டு போட்டுக் கொடுத்தாள். சிரித்தது நான்தான்.

அந்த வண்டிக்கு இன்ஜின் சீட்டுக்கு அடியில். பிரேக் போட்டால் பெட்டிகளிலிருந்து உப்புத் தண்ணீர் முன்னால் ஓடி அதன்மேல் சொட்டும். இன்ஜினின் புகையை வாங்கி சைலன்சருக்கு அனுப்பும் குழாய், மேனிஃபோல்டு என்பார்கள், துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. புகை எங்கள் மூக்குக்கே வந்தது. வண்டியைக் கழித்துவிடச் சொன்னார் மெக்கானிக். "மூக்குல சளி புடிச்சா தலைய வெட்டுவியா?" என்று கேட்டுவிட்டு சபியா கடை கடையாக ஏறினாள்.

போன இடமெல்லாம் துருவே பிடிக்காது என்று சத்தியம் செய்தார்கள். அவள் எதையும் வாங்கவில்லை. ஒவ்வொரு கடையிலும் வெட்டிப் போட்ட ஒரு குழாய்த் துண்டைக் கேட்டு வாங்கினாள். எல்லாவற்றையும் கரியடுப்பில் பழுக்கக் காய்ச்சி, ஆறவைத்து, மீன் பெட்டியின் அடித்தண்ணீரில் போட்டு வைத்தாள். வெள்ளிபோல் மின்னிய துண்டு அடுப்பிலேயே தோலுரிந்தது. ரொம்பக் கனமான துண்டு தண்ணீரைச் செம்மண் குழம்பாக்கியது. ஒன்று மட்டும் நீலம் பாய்ந்து கருத்திருந்தது, துரு இல்லை.

அதைப் பார்த்த மெக்கானிக், "நிறம் மாறிக்கிச்சேம்மா" என்று இழுத்தார்.

"எனக்குந்தாம்பா வெயில்ல நிறம் மாறிக்கிச்சு. துருவா புடிச்சிட்டேன்?"

அந்த எவர்சில்வர் குழாயைத்தான் வளைத்து மாட்டச் சொன்னாள். எத்தனையோ மழை பார்த்துவிட்டது, இன்றுவரை ஒரு பொட்டுத் துரு இல்லை.

இவ்வளவு பிடிவாதக்காரிக்கு ஒன்று மட்டும் வராது. வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாது. முட்டுச் சந்தில் மாட்டினால் இறங்கி நின்று, "நீ எட்துடு மல்லிகா, எனக்குப் பின்னால போற பழக்கம் இல்ல" என்பாள். அவள் நேரே ஓட்டுவதை ஊரே பார்த்தது. நான் பின்னால் எடுப்பதைச் சந்துகள் மட்டுமே பார்த்தன. என்னை வண்டியில் சும்மா உட்கார்ந்து வருகிறவள் என்றே பலர் நினைத்திருக்கிறார்கள்.

நேற்று இலியாஸ் சாவியை என் கையில் வைத்தான். துருப்பிடிக்காத அந்தத் துண்டு அதில்தான் கோத்திருக்கிறது. அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுவும், யார் சத்தியம் செய்தாலும் உப்பில் போட்டுப் பார்க்கும் அந்தத் திமிரும்தான். சபியா உட்கார்ந்து ஓட்டிய அந்தச் சீட்டில் இனி நான் உட்காருவேன். நாளை விடியலில் மீனுக்குப் போகிறேன்.

காயலான் கடைக்காரருக்கு ஒரு வார்த்தை. வண்டியைத் தட்டிப் பார்க்க வந்தால் அதற்குப் பின்னால் நிற்காதீர்கள். எனக்கு ரிவர்ஸ் நன்றாக வரும்.