ஒரு நாள் என்றால் எவ்வளவு நேரம்

ஆரணியிலிருந்து வேலூர்ப் பக்கத்துக் கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்துதான் என் ஆராய்ச்சிப் படிப்பு ஓடியது. "அப்படி என்னதான் படிச்சிகினு இருக்க?" என்று பஸ்ஸில் யாராவது கேட்பார்கள். உலோக உப்பையும் கரிம அமிலத்தையும் சேர்த்து, உள்ளே காலி அறைகள் உள்ள சட்டகம் கட்டுகிறேன், அந்த அறைகளில் வாயுவைப் பிடித்து வைக்கலாம் என்பேன். கேட்டவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அவரைச் சொல்லி என்ன, எனக்கே வெறுத்துப்போயிருந்தது. சட்டகம் வந்தால்தானே!

எனக்கு முன்னால் அதே ஆய்வகத்தில் இருந்த சீனியர் அக்கா அதை ஒருமுறை செய்துவிட்டு வெளிநாடு போய்விட்டாள். செய்முறையை போனில்தான் சொன்னாள். "ரெண்டையும் கரைப்பான்ல கலக்கு, ஸ்டீல் குடுவைல போட்டு இறுக்கி மூடு, நூத்தி இருபது டிகிரி ஓவன்ல ஒரு நாள் வை. அவ்ளோதான்டி."

அப்படியே செய்தேன். காலையில் வைத்து, சாயங்காலம் எடுத்து ஆறவிட்டு, பஸ்ஸைப் பிடிப்பேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் அடுக்கடுக்காய்த் தகடு. அறை ஒன்றும் இல்லை. வெப்பத்தை ஏற்றினேன், தகடு. கரைப்பானை மாற்றினேன், கூழ். அமிலத்தைக் கூட்டினேன், ஒன்றுமே படியவில்லை. ஓவனைத் திட்டினேன், உப்பு விற்றவனைத் திட்டினேன். இப்படியே இரண்டு வருஷம் போனது.

என் கைடு மேடம் ஒருநாள் கூப்பிட்டார். "இந்த மாசத்துக்குள்ள வரலைன்னா ஜூனியருக்குக் குடுத்துடறேன்மா. நீ லேசா வேற ஏதாவது எடுத்துக்கோ." அந்த 'லேசா'வில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமும் வந்தது. அது கைவிட்டுப் போனால் என் பெயரில் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த மாசக் கடைசியில் ஓர் ஆடி வெள்ளி. மதியம் டீ குடிக்க வாசலுக்கு வந்தேன். எனக்குப் பழக்கமான கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி, "எல்லா வண்டியும் படவேடு அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷலா உட்டுட்டாங்க. இத உட்டா வேற வண்டி கெடையாது, ஜல்தி ஏறுங்க" என்றார். பை தோளிலேயே இருந்தது, ஏறிவிட்டேன். கண்ணமங்கலம் தாண்டும்போதுதான் காலையில் ஓவனில் வைத்த குடுவை ஞாபகத்துக்கு வந்தது. போச்சு, இந்தத் தடவையும் பாழ் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை குடுவையைத் திறந்தால், அடியில் கற்கண்டுத் தூள் மாதிரி மினுமினுவென்று படிகங்கள். எக்ஸ்ரேயில் சட்டகம்! அக்காவுக்கு போன் போட்டேன்.

"ஒரு நாள்னா எவ்ளோ நேரம்க்கா?"

"என்னடி கேள்வி இது? இன்னிக்குக் காலைல வெச்சா நாளைக்குக் காலைல எடுக்கறது."

எங்கள் வீட்டில் அப்பா காலையில் தறியில் உட்கார்ந்து பொழுது சாய எழுந்தால் அது ஒரு நாள். ஒரு பட்டுச்சேலை எத்தனை நாள் வேலை என்பதும் அந்தக் கணக்குதான். ராத்திரியும் அதில் சேர்த்தி என்று எனக்கு எங்கே தோன்றப்போகிறது?

மேடத்திடம் ஓடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பழைய தகட்டின் எக்ஸ்ரே படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அதே உப்பு, அதே அமிலம், அதே சூடு. சாயங்காலம் எடுத்தா தகடு, காலைல எடுத்தா சட்டகம். மொதல்ல அவசரமா தகடு கட்டுது, நேரம் குடுத்தா அது கரைஞ்சு சட்டகமா மாறுது போல. ரெண்டையும் சேர்த்துக் காட்டினாத்தாம்மா தீசிஸ்ல ஒரு சாப்டர் ஆகும். பழைய தகடெல்லாம் எங்க?"

"கோவத்துல கொட்டிட்டேன் மேடம்."

"மறுபடி பண்ண வருமா?"

"ரெண்டு வருஷமா அத மட்டும்தானே மேடம் பண்ணிகினு இருந்தேன்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

மேடம் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். "சரி, ஜூனியருக்குத்தான் வேற ஏதாவது பாக்கணும்" என்றார்.