சாய்ந்த முனியாண்டி

இலங்கை மலையகத்தின் மடுல்கெல்லயில், தான் பிறந்த லயத்திலேயே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றில், இன்றும் வசிக்கும் தவச்செல்வி, தோட்டப் பாடசாலையில் புவியியல் கற்பிக்கிறாள். லயத்தின் பின்சுவரை ஒட்டியே மலை எழுகிறது. மழை நாட்களில் அவளுக்குத் தூக்கம் வராது.

அன்று வட அமெரிக்க மலைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேற்கே றொக்கி இளையது, உயர்ந்தது. கிழக்கே அப்பலாச்சியன் மிகப் பழையது, மழையில் கரைந்து தாழ்ந்தது.

"நம்ம மலை எது மாதிரி டீச்சர்?" என்றாள் ஒரு மாணவி.

"கிழக்கு மாதிரி. ரொம்பப் பழசு."

"அப்ப இதுவும் கரைஞ்சு வருதா?"

வகுப்பு சிரித்தது. தவச்செல்வி சன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தாள்.

வீடு திரும்பியபோது மழை வலுத்திருந்தது. கணவன் கணேஸ் கையெல்லாம் மண்ணோடு லயத்துக்குப் பின்னாலிருந்த மேட்டிலிருந்து இறங்கினான்.

"முனியாண்டி கல்லு திரும்பவும் நம்ம பக்கம் சாஞ்சிருச்சு. நிமித்தி வச்சிட்டு வாறேன்."

"திரும்பவுமா?"

"மழைக்கு மழை சாயுது. சாமி சாஞ்சு நின்னா வீட்டுக்கு ஆகாது. நீ பயப்படுவன்னு சொல்லல."

கல்லுக்கு அடியில் மலையே நகர்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. இத்தனை நாளும் கல்லை நிமிர்த்தி நிமிர்த்தி அவன் அந்த எச்சரிக்கையை அழித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"புள்ளைய தூக்குங்க. ஸ்கூலுக்குப் போயிருவோம்."

"என்ன டீச்சரம்மா, பாடத்த வீட்டுக்கும் கொண்டாந்துட்டீங்களா?"

பின்சுவருக்குள் ஏதோ முறியும் சத்தம் கேட்டது. கணேஸ் பிள்ளையைத் தூக்கினான். மற்ற வீட்டுக் கதவுகளைத் தட்டிக்கொண்டே அவள் மழையில் ஓடினாள்.