அலாரம் வைத்துப் பழகிய பாய்லர்க்காரர்

இன்னொரு நாள் தாமதமானால் சீட்டு கிழிந்துவிடும் என்று மேனேஜர் சொன்னதும், சலவை ஆலைப் பாய்லர்க்காரர் அலாரத்தைச் சமையலறையில் வைத்துப் பழகினார். எழுந்து போய்த்தான் அதன் வாயை அடைக்க வேண்டும். பதினோராம் நாள் அது அடிக்கும் முன்பே விழிப்புத் தட்டியது. ஏழு மணி ஷிஃப்டுக்கு ஆறுக்கே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

இரவு ஷிஃப்ட்காரன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நடுங்கிக்கொண்டிருந்தது. அதிகப்படி ஆவியைச் சத்தத்தோடு வெளியே விடும் சேஃப்டி வால்வைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தான்.

உலுக்கி எழுப்பினார். "என்னப்பா இது, எத்தனை நாளா?"

"நாலு வருஷமா அண்ணே," என்று கொட்டாவி விட்டான். "அது கத்தினா தூங்க முடியல. நீங்க வர்றதுக்குள்ள அவுத்துடுவேன்."

மறுநாள் சமையலறையில் அலாரம் கத்தியது. முன்பே விழித்துக் கிடந்தவருக்கு அதை அடக்கக் கை வரவில்லை.