காபி என்னும் சொல்

திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்த சம்யுக்தா உளநல ஆலோசகர். காஞ்சிபுரத்தில் தறி ஓசை ஓயாத தெரு ஒன்றின் முனையில் அவரது அறை. வருவோரிடம் எடுத்த எடுப்பில் "என்ன நடந்தது?" என்று அவர் வினவுவதில்லை, "எங்கே உட்காரப் பிரியம்?" என்பதே முதல் வினா. பேரச்சம் பறித்துச் சென்ற உரிமையைச் சிறிது சிறிதாகத் திருப்பி அளிப்பதே மருத்துவம் என்பது அவர் துணிபு.

நெசவாளர் ராஜவேலு வந்த அன்று நாற்காலியைத் தூக்கிச் சென்று வாசற்படியில் போட்டு, பாதி உடம்பு தெருவிலிருக்க அமர்ந்தார். சம்யுக்தாவும் தம் நாற்காலியை அங்கேயே இழுத்துக்கொண்டார்.

ஈராண்டுக்கு முந்தைய அடைமழையில், தறிக்குழிக்குள் கால் வைத்து நெய்துகொண்டிருந்த ராஜவேலுவின்மேல் மண்சுவர் சரிந்து இடுப்பளவு மூடிற்று. உடல் தேறியது, ஆயினும் குழியைக் கண்டாலே வாசலுக்கு ஓடிவிடுவார். பட்டின் உடலையும் கரையையும் கோர்த்து நெய்ய இருவர் வேண்டும். கரைக்கு ஊடை இழை கொண்டோடும் நாடாவை வீசும் மனைவி தேவிப்ரியா, பக்கத்து இடம் வெறுமையாக இருக்கப் பொறுமை இழந்து அவரும் கூட வந்திருந்தார்.

"கண்ண மூடிக்கினு ஒரு வாட்டி குதிச்சுடுன்னா கேக்குதாமா இந்த ஆளு?"

"குதிக்க வேணாம்மா. அண்ணா எப்ப சொல்றாரோ அப்பதான். நடுவுல முடியலன்னா நிறுத்த ஒரு சொல் வெச்சுக்கலாம். எந்தச் சொல்லுணா?"

ராஜவேலு சொன்னார்: "காபி."

"இதுலயும் உனுக்குத் தொண்டதான் முக்கியம்!"

தறி அறையின் வாயிலில் நிற்கவே மூன்று வாரம் ஆயிற்று. பிறகு குழியின் விளிம்பு. பிறகு ஒற்றைக் கால். இருமுறை "காபி" என்றார். இருமுறையும் அக்கணமே வெளியேறினர். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான்காம் மாதத்து வெள்ளிக்கிழமை மாலை, "இன்னிக்கு இறங்குறேன்மா" என்றார் அவரே. சந்நிதியில் அடி வைப்பவர்போல் வலக்கால் இறங்கியது, இடக்காலும் இறங்கியது! மிதிபலகை அசைந்தது, பாவு இழைகள் மேலும் கீழுமாய்ப் பிரிந்து வாய் திறந்தது, நாடா பாய்ந்தது! தேவிப்ரியாவின் கரை நாடா துள்ளி எதிர்கொண்டது. ஈராண்டு உறங்கிய தறி முழங்க முழங்க, ஒரு விரற்கடைப் பட்டு புதிதாய்ப் பிறந்தது!

"காபி!"

தேவிப்ரியாவின் கையிலிருந்து நாடா நழுவியது. சம்யுக்தா எழுந்துவிட்டார்.

"நிறுத்திடலாம்ணா. கை குடுக்கவா, நீங்களே வர்றீங்களா?"

ராஜவேலு திகைத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அட, அது இல்லமா! செவுத்துல வெயில் ஏறிப்போச்சு பாரு தேவி. பொழுது சாஞ்சா இந்தம்மா எதையும் வாயில வெக்கமாட்டாங்க இல்ல? அவுங்களுக்கு நெஜ காபி கேட்டேன்!"

தேவிப்ரியா சிரித்தார், சிரிப்பினூடே கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினார். குழிக்குள் இருந்தபடியே விருந்தினரின் பசியை நினைத்தவரைச் சம்யுக்தா இமையாமல் நோக்கினார்.

"அந்தச் சொல்ல மாத்தணும்ணா."

"மாத்திடலாம்மா. டிபன்னு வெச்சுக்கவா?"

வெயில் மறையுமுன் தம்ளர் வந்தது. ராஜவேலுவின் கால்கள் குழியிலேயே இருந்தன. மிதிபலகை மெல்லத் தாளமிட்டது.

"குடுத்துட்டுச் சீக்கிரம் வா தேவி, கரை நிக்குது!"