சூளை மெசினுக்குப் பரீட்சை

போராட்டமும் ஒரு தொழில்தான். சம்பளம் இல்லை, பென்சன் இல்லை, விட்டுப் போகவும் முடியாது. மனுவும் கையுமாய் அரசாங்கக் கச்சேரி வாசலில் நின்றிருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

எங்களுக்கு நடந்தவற்றை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலாவது, தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் நாங்கள் எல்லாரும் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டோம். இரண்டாவது, கொஞ்ச நாளைக்குத்தான் என்று புத்தளத்தில் போட்டுத் தந்த ஓலைக் கொட்டில்களிலேயே எங்கள் பிள்ளைகள் வளர்ந்து கலியாணமும் முடித்தார்கள். மூன்றாவது, யுத்தம் முடிந்ததும் இனி ஊருக்குப் போகலாமே என்று நிவாரணத்தை வெட்டினார்கள். நாலாவது, மாம்புரிக்கு இப்பால் சொந்தமாகக் காணி வாங்கிக் கிணறு வெட்டிய பிறகு, பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் பழைய வாகன பற்றரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் சூளை வந்தது. ஐந்தாவது, அந்தச் சூளைக்கு ஒரு புது மெசின் வந்தது.

பத்து லொறி நச்சுக் கழிவை அது ஒரு லொறியாகக் குறைக்குமாம். உண்மைதானா என்று பார்க்க அரசாங்கம் ஒரு குழுவை அனுப்பியது. மெசினை ஓட்டிப் பார்ப்பதும், ஊர் முற்றத்துத் தூசியையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதிப்பதும் அதன் வேலை. மெசின் பாஸானால் சூளைக்கு நிரந்தர அனுமதி. பெயிலானால் மூட வேண்டும். சூளை மதிலை ஒட்டி இருப்பது ஜெசீமாவின் வீடும் கிணறும். அவளுடைய மகளின் இரத்தத்தில் ஈயம் இருப்பதாகச் சிலாபம் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை அவள் குர்ஆன் வைக்கும் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தாள்.

முற்றம்

குழு வரும் நாளை ஒரு கிழமைக்கு முன்பே அறிவித்தார்கள். ஊருக்கு மனு எழுதும் என்னை எல்லாரும் 'நானா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். நான் வீடு வீடாகப் போய், எல்லாரும் வீட்டில் நிற்க வேண்டும், வருகிறவர்களோடு மரியாதையாகப் பேச வேண்டும் என்று சொல்லி வைத்தேன். சொல்ல மறந்தது ஒன்றுதான்.

அன்று காலையில் கொழும்பிலிருந்து குழுவோடு வந்த மிஸ், தூசி அள்ளச் சின்னத் தூரிகையோடு இறங்கினார். அள்ளத் தூசி இல்லை. சூளைச் சாம்பல் படிந்திருந்த முற்றங்களை எல்லாம் கூட்டிப் பெருக்கி, கடற்கரையிலிருந்து வெள்ளை மணல் கொண்டுவந்து பரப்பியிருந்தார்கள். வாழை இலைகளைக்கூடத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். ஜெசீமா தன் கிணற்றை இரண்டு நாளாக இறைத்து, குளோரின் தூள் போட்டு, புது ஊற்றுத் தண்ணீரை வைத்திருந்தாள். மிஸ் அதில் போத்தலை நிரப்பி முத்திரை வைத்தார். அந்தப் போத்தலில் ஈயம் அகப்படப் போவதில்லை. அவர் அப்பால் போனதும், என்ன வேலை செய்தாய் பிள்ளை என்று கேட்டேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"வீட்டுக்கு வாரவங்களுக்கு ஊத்தையக் காட்டுறதா நானா?"

மெசினின் சாப்பாடு

மறுநாள் மெசினை ஓட்டிக் காட்டினார்கள். உள்ளே போன பற்றரிகள் கடையில் அடுக்கி வைத்தவை போல மினுங்கின. புகை இல்லை, மணமும் இல்லை. பின்பக்கக் குழியில் கிடக்கும் பழைய கசடைப் போட்டு ஓட்டுங்கள் என்று நான் கேட்டேன். மெசின் அதற்காகச் செய்யப்பட்டதல்ல என்றார் எஞ்சினியர். அதையும் குழுவில் ஒருவர் எழுதிக்கொண்டார். எந்தப் பக்கத்தில் எழுதினாரோ தெரியாது.

திரும்பும்போது சூளைத் தொழிலாளி ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு கொஞ்சத் தூரம் நடந்தான். அவன் பெயரை இங்கும் எழுதமாட்டேன்.

"நேத்துப் பூரா மாப்பிள்ளையக் குளிப்பாட்டுற மாதிரி பற்றரியக் கழுவினோம் நானா, எழுதிப் போட்டுடாதீங்க, ஊட்டுல அடுப்பு எரியாது."

பெயர்

கடைசி அமர்வு பிரதேச செயலக மண்டபத்தில். முடிவுக்கு முன் ஆட்சேபனை கேட்பார்கள். ஒருவராவது ஆட்சேபித்தால், முன்னறிவித்தல் இல்லாத ஒரு நாளில் மறுபடியும் மாதிரி எடுப்பார்கள். நான் மூன்று பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். வழமைபோலக் கீழே 'இங்ஙனம், பொதுமக்கள்' என்று போட்டிருந்தேன்.

குழுத் தலைவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, பொதுமக்களின் அடையாள அட்டை இலக்கம் என்ன என்று கேட்டார். சூளைக் கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள். ஒரு பெயர் வேண்டும், அது சாட்சிகள் முன்னிலையில் வாசிக்கப்படும் என்றார். திரும்பிப் பார்த்தேன். ஊர் முழுக்கத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாதி வீட்டு ஆண்களுக்குச் சூளையில்தான் வேலை. என் மருமகன் ஓட்டுவதும் சூளை லொறிதான். பேனை என் கையில் இருந்தது. மூடி கழன்றபாடில்லை.

ஜெசீமா எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு மேசைக்குப் போனாள்.

"கிணத்த இறைச்சது நான்தான் சேர், என்ட பேர எழுதிக்கிட்டு, இனிச் சொல்லாம வாங்க."

முப்பது வருஷம் ஊருக்காக எழுதிய எனக்கு அன்று கிடைத்த பதவி சாட்சிப் பதவி. அப்படி நான் சாட்சியாக நிற்க, தலைவர் எழுந்து உரக்க வாசித்த ஆட்சேபிப்பவரின் பெயர்: முகம்மது காசிம் ஜெசீமா.