இரண்டு பெயர் கொண்ட ஆறு

எழுபதுகளில் துபாயில் நான் மேப் வரைகிற டிராஃப்ட்ஸ்மேன். சத்வாவில் ஒரு ரூமில் ஐந்து பேர். மற்ற நாலு பேருக்கும் நைட் டூட்டி. நான் திரும்புகிற நேரத்தில் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். பேச்சுத் துணைக்கு ஆளில்லை. ஊரில் மகள் பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை, பெயராவது நான்தான் வைப்பேன் என்று பிடிவாதமாக இருந்தேன். ஒரு பெயரை எழுதி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கிடந்தேன்.

அந்த நாட்களில்தான் அந்த ஆறு என் மேசைக்கு வந்தது. லண்டன் ஆபீசில் வேலை மிஞ்சினால் எங்களிடம் தள்ளிவிடுவார்கள். வெளியே வெயிலில் ரோட்டுத் தார் இளகிக்கொண்டிருக்க, நான் வட துருவத்தை ஒட்டிய ஓர் ஆற்றை மையால் இழுத்துக்கொண்டிருந்தேன். வருஷத்தில் பாதிக்கு மேல் உறைந்து கிடக்கும் ஆறு, வடக்கே ஓடுகிறது. தெற்கே தலைப்பகுதியில் பனி முதலில் உருகிவிடுமாம். முகத்துவாரம் அப்போதும் இறுகியே கிடப்பதால், வந்த தண்ணீர் போக வழியில்லாமல் கரையேறி நிற்குமாம். தஞ்சாவூர்க்காரன் நான், கிழக்கே ஓடாததெல்லாம் ஓர் ஆறா என்று முதல் நாள் கிண்டலடித்தேன். மறுநாளே அதன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. கரை நெடுக ஊரென்று மூன்றே புள்ளிகள். அவ்வளவு தனிமையை நான் வேறெந்தத் தாளிலும் வரைந்ததில்லை.

கூடவே வந்த குறிப்பில் ஆற்றுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று, கப்பலில் வந்து முகத்துவாரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போன மாலுமி தன் நாட்டுப் பிரபு ஒருவருக்காக வைத்தது. மற்றது, கரையில் மீன் பிடித்து வாழ்கிறவர்கள் தலைமுறையாகச் சொல்லி வருவது.

என் வேலையைச் சரிபார்க்கிற மதுரைக்காரரிடம் கேட்டேன்.

“எதைண்ணே பெருசா எழுதறது?”

“கப்பக்காரன் வச்சதப் பெருசா போடுப்பா. இன்னொன்ன பிராக்கெட்ல சின்னதா போட்டுரு. கலாஸ், வேல முடிஞ்சுது.”

“ஒரு நா பாத்துட்டுப் போனவன் வச்சது பெருசு, கரையிலயே கெடக்கிறவன் வச்சது சின்னதா?”

“மேப்ப வாங்குறவன் கப்பக்காரன் ஆளுதானப்பா? ஒனக்கு ஏன் இம்புட்டுக் கோவம் வருது?”

வந்தது. அந்த மாலுமியை மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் எழுதி முடித்தேன்.

அந்த வாரமே மனைவியின் கடிதம் வந்தது. “நீங்கள் எழுதிய பெயரையே ரிஜிஸ்தரில் கொடுத்தாகிவிட்டது. ஆனால் உங்கள் கடிதம் வருவதற்குள் நாங்கள் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். பாப்பா அதற்குத்தான் சிரிக்கிறாள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.”

காலியான ரூமில் உட்கார்ந்து நாலு முறை படித்தேன். மாலுமியைத் திட்டிய எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவனாவது முகத்துவாரத்தைப் பார்த்திருந்தான். அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை.

லீவு கிடைத்து ஊருக்குப் போனபோது அவளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. வாசலில் நின்று, நான் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

தயங்கித் தயங்கி மற்ற பெயரைச் சொன்னேன். ஓடி வந்தாள். வந்து, நிமிர்ந்து பார்த்து, “நீ யாரு?” என்றாள்.